வெற்றுக் குப்பி

ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு வெற்றுக் குப்பி.
தண்ணீர் தவிர அதில் எதுவும் இருக்கக் கூடாது.
ஒன்றுமில்லை என்பதற்கும் ஒரு சாட்சி வேண்டுமல்லவா,
அதற்குத்தான்.

தண்ணீரை இயந்திரத்துக்குள் செலுத்திவிட்டுக் காத்திருப்பேன்.
குளோரைடு முதலில் ஓடி வருவான், அவசரக்காரன்.
பிறகு நைட்ரேட்,
இந்தப் பாலையில் ஊர்களைக் கட்டியவன், காலி செய்தவனும் அவனே.
சல்பேட், கூட்டத்தோடு கூட்டமாக.
பெர்குளோரேட் மட்டும் வரமாட்டான்.
குழாயின் பிசினைக் கட்டிக்கொண்டு
பதினான்காம் நிமிடம் வரை உள்ளேயே நிற்பான்.
பந்தி முடிந்து இலை எடுத்த பின் வரும் விருந்தாளி போல
அப்புறம் ஒரு சின்னக் கூம்பு.

ஜனவரி மூன்றாம் தேதி
வெற்றுக் குப்பியில் அந்தக் கூம்பு எழுந்தது.

மறுபடி செலுத்தினேன். எழுந்தது.
குப்பியை மாற்றினேன். எழுந்தது.
"எர்மினியா, கையைக் கழுவினாயா?"
என்று கேட்டார் முனைவர் ஓயார்சூன்.
பன்னிரண்டு வருஷம் கழித்துக் கேட்கும் கேள்வியா அது!

இருந்தும் கையைப் பார்த்தேன்.
தால்தாலில் பிறந்தவள் நான்.
வெயிலும் காற்றும் மேலே சமைத்த உப்பு
தூசியாய் இறங்கி, கழுவிவிட மழையில்லாமல்
லட்சக்கணக்கான வருஷம் கிடக்கும் மண்.
என்னைச் சுமந்தபோது அம்மா குடித்த தண்ணீரிலும் அவன் இருந்தான்.
மருத்துவக் குழு ஒன்று வந்து
ரொட்டியும் பாலும் கொடுத்து அவள் சிறுநீரை வாங்கிப் போனது.
எல்லாம் சரியாக இருக்கிறது என்று கடிதம் வந்ததாம்.
கழுத்துச் சுரப்பிக்குக் கண் கிடையாது,
அயோடினுக்குத் திறந்த கதவில்
அதே உடல்வாகோடு நிற்பவனை உள்ளே விட்டுவிடும்.
யோசிக்கும்போதெல்லாம் என் விரல் கழுத்துக்குப் போகிறது.
யாரும் இதுவரை காரணம் கேட்டதில்லை.

எங்கள் மண்ணைப் பை பையாக அள்ளிப் போகிறார்கள்,
செவ்வாய்க்கு ஒத்திகை பார்க்க.
ராக்கெட்டின் வயிற்றிலும் அவன்,
ராக்கெட் போய் இறங்கும் மண்ணிலும் அவன்.
தண்ணீரில் பத்து வருஷம் விட்டாலும் சும்மா இருப்பான்.
நான்கு ஆக்சிஜனை இடுப்பில் கட்டிக்கொண்டு
ஒரு நெருப்புக்காகக் காத்திருக்கும்
அப்படியொரு சோம்பேறி.

நான்காம் நாள் இரவுக் காவலர் கிளோடோமிரோ
காபியோடு வந்து கதவருகே நின்றார்.
"புத்தாண்டு இரவில்...
துறைமுக வாணவேடிக்கை இந்தச் சன்னலில்தான்
நன்றாகத் தெரியும், செனோரா.
இருபது நிமிடம். அதற்கு மேல் இல்லை."
கடலிலிருந்து காற்று இந்தப் பக்கம் வீசியதா என்று கேட்டேன்.
"புகை கண்ணில் எரிந்தது" என்றார்.
தனியாகப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை.
உலர்த்தும் தட்டில் இரண்டு கோப்பைகள் கவிழ்ந்திருந்ததையும்
ஒன்றின் விளிம்பில் சிவப்பு போகாமல் இருந்ததையும்
இரண்டாம் தேதியே பார்த்திருந்தேன்.

பச்சை பேரியத்தினுடையது, சிவப்பு ஸ்ட்ரான்சியத்தினுடையது.
இரண்டையும் மூச்சுக் கொடுத்து எரியவிட்டவன்
சாம்பலோடு மிதந்து வந்து
என் பீக்கரில் இறங்கியிருக்கிறான்.
பேருந்து போய்விடுமென்று அன்று மாலை
அதை மூடாமல் ஓடியது நான்.

பதிவேட்டில் எழுதினேன்:
"டிசம்பர் 31. பீக்கரை மூடவில்லை, என் தவறு.
சன்னல் திறந்திருந்தது."
திறந்திருந்தது.
திறந்தவர் யாரென்று கேட்காத வினைச்சொல்,
இலக்கணத்துக்கும் கொஞ்சம் கருணை உண்டு.

அறுபத்திரண்டு மாதிரிகளின் கணக்கை அடித்துவிட்டார் ஓயார்சூன்.
மதியம் வரை என்னோடு பேசவில்லை.
புதுத் தண்ணீர், புதுக் குப்பி.
பதினான்காம் நிமிடம் வந்தது, போனது,
கோடு அசையாமல் படுத்திருந்தது.

இரவு அதைக் கிளோடோமிரோவிடம் காட்டினேன்.
மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அந்தப் பழைய தாள், செனோரா...
குப்பைக்குத்தானே போகும்?"

எடுத்துக் கொடுத்தேன்.
கூம்பின் மேல் மடிப்பு விழாதபடி
இரண்டு முறை மடித்துப் பார்த்து, பிரித்து, மறுபடி மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
விளக்கை அணைக்கப் போனார்.