இரண்டு நாற்பது

ஐஸ் பிளாண்டில் கடைசிப் பாளம் அரைபட்டு
விசைப்படகின் வயிற்றுக்குள் கொட்டி முடிய
இரண்டு மணி தாண்டிவிடும்.
உப்பனாற்றுப் பாலத்தைக் கடந்ததும்
தெருமுனையிலேயே வண்டியை அணைத்து
உருட்டிக்கொண்டு வருவேன்,
சொந்த வீட்டுக்கே திருடனாக.

தனக்கொடி எழுந்து வந்து திறந்தால்
பக்கத்துச் சூடு போய்க் குழந்தை சிணுங்குமென்று
எனக்கென்று ஒரு சாவி அடித்து வைத்திருந்தேன்.
தாழ்ப்பாளுக்குத் தேங்காயெண்ணெயும் விட்டாயிற்று.
பின்பக்கம் போய் முகம் கழுவி நிமிர்ந்தால்
இரண்டு நாற்பது.
கொசுவலைக்குள் ஒரு முனகல்.
அதன்பின் முழு அழுகை.

ஏழு மாதம் அவளுக்கு.
நிறைமதி என்று பெயர் எழுதிக் கொடுத்தோம்.
அவள் தவழும் பகலில் நான் பிணம்போல் கிடப்பேன்.
முதன்முதலாகக் குப்புற விழுந்ததை
செல்போனில்தான் பார்த்தேன்.

சட்டையில் ஏறிய அமோனியா வாடையோ என்று
சட்டையை வெளியே கொடியிலேயே விட்டேன்.
அப்போதும் எழுந்தாள்.
ஃபேன் கிறீச்சிடுகிறதோ என்று
ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிப் பூட்டினேன்.
அதற்கும் எழுந்தாள்.
போர்ட் ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி
பெட்டி மாற்றும் இடி காரணமாயிருக்குமோ?
அதைக் கழற்றிப் பூட்ட எனக்கு ஏது ஸ்டூல்.

தடுப்பூசி போட வந்த நர்ஸ் ஜெபராணி
ஊசியை உடைத்துக்கொண்டே சொன்னார்:
"பசி, ஈரம், மூக்கடைப்பு, புழுக்கம்,
பல்லு நமைச்சல், காது வலி.
எதுவும் இல்லன்னா சும்மா.
நாமளுந்தான் ராத்திரி நாலு தடவ முழிக்கிறோம்,
புரண்டு படுத்து மறந்துடறோம்.
அதுங்களுக்கு மறக்கத் தெரியாது."

எல்லாம் நம்பினேன்.
சும்மா என்பதை மட்டும் நம்ப முடியவில்லை.

பங்குனிப் புழுக்கத்தில் ஒருநாள் கரண்ட் போனது.
எங்கள் தெரு முழுக்க அழுகை.
ஒரு வீடு நிறுத்தினால்
எதிர் வீடு வாங்கிக்கொண்டது.
வாசலுக்கு வாசல் விசிறியோடு நின்ற அப்பன்கள்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விசிறினோம்.
எங்கள் வீட்டில் மட்டும் சத்தமில்லை.
டிரான்ஸ்பார்மர் வெடித்தபோதுகூட
கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு தூங்கினாள்.
அன்று எனக்கு லீவு.
அப்போது அது உறைக்கவில்லை.

ஈறைத் தடவினேன்.
கீழே நொய்யரிசி முனைபோல் ஒன்று குத்தியது.
காரணம் சிக்கிவிட்டதென்று
மூன்று நாள் நிம்மதி.
பல் வெளியே வந்தது.
இரண்டு நாற்பது அப்படியே இருந்தது.

பிறகு தடைக்காலம்.
அறுபத்தோரு நாள் கடலுக்குப் படகில்லை,
படகுக்கு ஐஸ் இல்லை, எனக்கு நைட் இல்லை.
கொசுவலைக்குள் மூவர்.
முதல் இரவு இரண்டு நாற்பதுக்கு
விழிப்பு வந்தது எனக்கு.
அவள் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
மூச்சு வருகிறதா என்று
மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்து
நான்தான் விழித்துக் கிடந்தேன்.

ஆனியில் மறுபடி வேலை.
முதல்நாள் முடித்து வந்தவன்
முகம் கழுவப் போகாமல்
ஜன்னலோரம் சற்று நின்றேன்.
விடிவிளக்கின் பச்சையில்
தனக்கொடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.
கண் மூடியிருந்தது.
அவள் சுண்டுவிரல் மட்டும் தூங்காமல்
குழந்தையின் உள்ளங்காலில்
மேலும் கீழும்
ஊர்ந்துகொண்டிருந்தது.

சத்தமில்லாமல் தெருவுக்குத் திரும்பினேன்.
வண்டியின் ஸ்டாண்டை
வேண்டுமென்றே ஒருமுறை உதைத்துப் போட்டேன்.
சாவியைத் துளையில் தேடுவதுபோல் தேடினேன்.
ஐஸ் சுமந்த கைகள் சில்லிட்டிருந்தன.
இரண்டையும் தேய்த்துத் தேய்த்து
கன்னத்தில் வைத்துப் பார்த்து
வலையைத் தூக்கினேன்.

நாலு பல் காட்டி என்மேல் ஏறினாள்.
"ஏன் முழிச்சா?" என்றேன்.

"தெரியல" என்றாள் தனக்கொடி,
கண்ணைத் திறக்காமலே.
"அடுத்த பல்லு வருது போல."