இதுதானா

புதன்கிழமை தொலைபேசியில் அந்தச் செவிலி
ஒவ்வொன்றாகக் கேட்டாள்.
ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்தியாயிற்றா?
ஐந்து நாளாயிற்று.
அயோடின் ஒத்துக்கொள்ளுமா? நண்டு, இறால்?
டுலுத்காரி நான், இங்கே ஏரி மீன்தான் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள் போலும்.

பிறகு சொன்னாள்:
நள்ளிரவுக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது.
வலி மாத்திரையும் வேண்டாம், முந்தின நாள் முழுக்க.
வலி வலியாகவே வரவேண்டும்.
விழித்திருப்பீர்கள்.
முதுகின் வழியே ஊசி போகும்,
மூன்று வட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாயம் ஏற்றுவார்கள்.
எதில் ஏற்றுகிறோம் என்று சொல்லமாட்டார்கள்.
வலிக்கிறதா என்பார்கள்.
வலித்தால்,
இது உங்கள் வலிதானா, வேறா?

இருபத்துமூன்று வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்,
அதில் ஒன்பது வருடம் இந்த முதுகோடு.
உங்கள் வலிதானா என்று யாரும் கேட்டதில்லை.
கேட்டதெல்லாம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று.
ஆறு என்பேன்.
ஆறு என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

நேற்று ராத்திரி மாத்திரை டப்பாவை
ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்தேன்.
கையைத் தூக்கினால் எட்டும். தூக்கத்தான் முடியாது.

பதினொன்றரைக்கு வந்தது.
இடுப்புக்குக் கீழே, இடப்பக்கம்,
ஈரத் துணியை முறுக்குகிற மாதிரி முதலில்.
அப்புறம் தொடையின் பின்னால் இறங்கிச்
சுண்டுவிரல் வரை ஒரு கம்பி.
சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு
நில், உன்னைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜனவரியில் காலை ஆறு நாற்பது, கும்மிருட்டு.
ஒரே மாதிரிக் குல்லா, ஒரே மாதிரி உப்பிய கோட்டு,
முகம் என்று ஒன்று கிடையாது பிள்ளைகளுக்கு.
ஆனாலும் முன்விளக்கின் வெளிச்சத்துக்குள்
கால் வைத்ததும் தெரிந்துவிடும்:
இடது பூட்ஸை இழுத்தால் எய்னோ.
பனிக்குவியலைச் சுற்றிப் போகாமல் அதன்மேல் ஏறி வந்தால்
அவள் டெலேனி.
நடையை வைத்தே முப்பத்தெட்டுப் பேரை அறிவேன்.
இந்த ஒன்றையா அறியமாட்டேன்?

மாட்டேனோ என்றுதான் பயம்.
குப்புறப் படுக்கவைத்து, குளிர்ந்த மருந்தைத் தடவி,
முகமூடியோடு மூன்று பேர் நின்று
வேறு யாருடைய வலியையோ கொண்டுவந்து
இதுதானா என்றால்
மரியாதைக்கு ஆமாம் என்றுவிடுவேன்.
எனக்கு அந்தக் குணம் உண்டு.
கர்ட்டிஸுக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்,
பதினாறு வருடம்.

படிவத்தில் ஒரு வரி மட்டும் காலியாகவே கிடந்தது.
வீட்டுக்கு அழைத்துச் செல்பவர் பெயர், உறவு.
டாக்சி கூடாது.
தானே ஓட்டக் கூடாது என்பதற்கு
இரண்டு தடவை அடிக்கோடு.
ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டவள்
மூன்று நாள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஆர்வில் மாக்கியைக் கூப்பிட்டேன்.
பக்கவாட்டுக் கண்ணாடியை யார் உடைத்தது என்ற வழக்கில்
இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை எங்களுக்குள்.
எத்தனை மணிக்கு, என்றான்.
ஐந்தே கால்.
சரி.
வைத்துவிட்டான்.
உறவு என்ற இடத்தில்
பேருந்து எண் ஏழு
என்று எழுதினேன். வேறு என்ன எழுத?

இப்போது நாலு ஐம்பது.
பல் துலக்கி, தண்ணீரை விழுங்காமல் துப்பியாயிற்று.
மோதிரம், கொண்டை ஊசி, காதில் கிடந்தது
எல்லாம் சோப்புக் கிண்ணத்தில்.
வெளியே ஒரு என்ஜின் வந்து நிற்கிறது, ஹார்ன் இல்லை.
கொஞ்ச நேரத்தில் பனி வழிக்கும் சத்தம்.
என் படிகளைத்தான் வழிக்கிறான்,
கண்ணாடியை உடைத்தவன்.

கோட்டுக்குள் இடது கையை நுழைக்கும்போது
முதுகு ஒரு முறுக்கு முறுக்கியது.
சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்:
ஆமாம். இதுதான்.
குரலில் கொஞ்சம் மரியாதை இருந்தது.
இன்னொரு தடவை சொன்னேன்.