நகம் இடறும் இடம்

பதினான்காம் எந்திரத்துக்கு
உடம்பு சரியில்லை என்று எழுதினேன்.
அப்படி எழுதக்கூடாது.
‘பேரிங் வெளிவளையத்தில்
தொடக்கநிலைச் சிதைவு, சந்தேகம்.’
திருத்தி அனுப்பினேன்.
ஒரு வரி பதில் வந்தது:
‘கண்காணிக்கவும்.’
அதற்குத்தானே சம்பளம்.

சேன்த்-ரோஸில் என் மேசை.
சன்னலுக்கு இடப்பக்கம் கடல்,
வலப்பக்கம் எரிமலை.
அவை இரண்டையும் கேட்க
வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.
எனக்குக் காற்று.
காற்றுகூட இல்லை,
அது சுழற்றும் இரும்புக்குள்
கிரீஸ் இருட்டில் உருளும் குண்டுகள்.

ஒரு குண்டு ஒரு கீறலைக் கடந்தால்
திரையில் ஒரு முள் எழும்,
எறும்பு தும்மிய அளவு.
அதன் இருபுறமும் சம இடைவெளியில்
குட்டி முட்கள் முளைத்தால்தான்
நம்புவேன்.
தனி முள் பொய் சொல்லும்.

போன வருடம் சொன்னது.
ஒன்பதை நிறுத்தச் சொல்லி
ஃப்ரெடெரிக் ஓவாரோவை ஏற்றிவிட்டேன்.
மேலே,
தளர்ந்த சென்சார் திருகு ஒன்று,
அதன் அடியில் பல்லி முட்டை இரண்டு.
பல்லி சொன்னால் பலன் உண்டாம்.
எனக்கு அது சொன்ன பலன்
இரண்டு நாள் மின்சாரம் நட்டம்,
அலுவலகத்தில் எவனைக் கடந்தாலும்
ஒரு ‘ச்சு ச்சு ச்சு’.

ஆகவே இம்முறை
பதினோரு நாள் வாயைத் திறக்காமல் பார்த்து
பிறகுதான் எழுதினேன்.
எழுதிய பிறகும் பார்த்தேன்.
வீட்டில், கைபேசியில், போர்வைக்குள்.
யார் அது இந்த நேரத்தில், என்றான் எத்தியென்.
பதினான்கு, என்றேன்.
திரும்பிப் படுத்துக்கொண்டான்.

முள் வளர்ந்தது.
குட்டிகள் வளர்ந்தன.
மேலே எதையும் கழற்ற வழியில்லை.
கிரேன் துறைமுகத்தில் யாருக்கோ வேலை செய்தது.

அப்போதுதான்
மொரீஷியஸுக்கு வடக்கே ஒரு புயலுக்குப்
பெயர் வைத்தார்கள்.

எங்கள் காற்றாலைகளுக்கு முழங்கால் உண்டு.
ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால்
வடத்தை ஒவ்வொன்றாய்த் தளர்த்துவோம்,
கரும்புக்கு நடுவே படுத்துக்கொள்ளும்.
இரண்டே இறக்கை,
புல்லில் கன்னம் வைத்த மாடுகள் மாதிரி.
அன்றும் வரிசையாய்ப் படுத்தன.
என் திரை முழுக்க
ஒரு நேர்க்கோடு.
அத்தனை வாரத்தில் முதல்முறையாக
தூங்கினேன்.
கூரைத் தகரம் இரவெல்லாம் கத்தியது என்கிறார்கள்.

புயல் ஓரமாய் வந்து ஓரமாய்ப் போனது.
எல்லாவற்றையும் நிமிர்த்தச் சொன்னார்கள்.
பதினான்கை மட்டும் விடுங்கள், என்றேன்.
ஃப்ரெடெரிக் என்னைப் பார்த்தான்.
ச்சு ச்சு, என்றான்.
ஸ்பேனரை எடுத்தான்.

எண்பது நாள் எண்களாய்த் தெரிந்தது
இடுப்பு உயரத்தில் கிடந்தது.
முன்மூடி கழன்றது.
கருத்த கிரீஸை வழித்தான், துடைத்தான்,
விளக்கைக் காட்டினான்.
வளையம் கண்ணாடிபோல் பளபளத்தது.
ஒன்றுமில்லை.
அவன் முகம் தெரிந்தது, என் முகம் தெரிந்தது.
மழை என் கழுத்துக்குள் இறங்கியது.

கண்ணால் தெரியாது, என்றான்.
நகத்தை வை.

வைத்தேன்.
வழுக்கியது, வழுக்கியது,
மெல்லச் சுற்றினேன்,
இடறியது.

அரிசி முனை அளவு.
மறுபடி வைத்தேன், அங்கேயே இடறியது.
அவனும் வைத்தான்.
பிறகு நெடுநேரம்
அவன் நாக்கைத் தட்டவில்லை.

புது வளையத்தோடு பதினான்கு எழுந்து நின்றது.
அறிக்கையில் ‘சேதம்’ என்ற கட்டத்தில்
‘இல்லை’.
‘விபத்து’ என்ற கட்டத்தில் ‘இல்லை’.
‘குறிப்புகள்’ கட்டம் சிறியது,
காலியாய் விட்டேன்.

பழக்கம் மட்டும் போகவில்லை.
பேருந்தின் கைப்பிடியை, காபிக் கோப்பையை
நகத்தால் தடவுகிறேன்.
வங்கி வரிசையில் ஒருநாள்
அட்டையில் புடைத்திருந்த என் பெயரைத் தடவினேன்.
வேலாயுதம் என்று கப்பலேறியவரை
வெலாயிதோம் என்று எழுதி இறக்கியிருக்கிறார்கள்.
நூற்றறுபது வருடம்.
நடுவில், நாலாவது எழுத்துப் பக்கம்,
ஆமாம்,
அங்கே.