நெய்த்தோர்

காலை ஏழரைக்கு சயான் நிலையத்தில்
குளிர்பெட்டியோடு சரக்குப் பெட்டியில் ஏறுகிறேன்.
நாற்பத்து நாலு குழாய் இரத்தம், முலுண்டு வரைக்கும்.
மீன்காரப் பெண்கள் கூடையை நகர்த்தி இடம் தருவார்கள்.
என்னிடமும் ஐஸ் இருக்கிறதே.

இரண்டு சுவரோரமும் நீள பெஞ்சு.
இந்தப் பக்கம் ஒரு வரிசை, எதிரே ஒரு வரிசை.
தலைகள் மழை அடிக்கும் கம்பிச் சன்னலில்,
கால்கள் இரண்டிரண்டாக உள்ளே நீட்டி
நனையாமல்.
ஒரு செல்லின் தோலும் இப்படித்தான்.
தண்ணீரைப் பார்த்த தலைகள்,
தண்ணீருக்கு முகம் சுளிக்கும் கால்கள்,
எல்லாம் கொழுப்பு.
"தோடா சர்க்கோ" என்று நடுவில் செருகி உட்காருபவள்
கொலஸ்ட்ரால்.
அவள் இல்லையென்றால் வளைவில் வரிசை குலையும்.
அவளே பத்துப் பேராக ஏறினால் யாருக்கும் மூச்சு வராது.
இந்தச் சவ்வும் இல்லையென்றால்
உள்ளே என்று ஒன்றில்லை,
மழைதான்.

எங்கள் தாராவிச் சந்தில் கொழுப்பு என்பது வசவு.
வாய்க்கொழுப்பு சீலையில் வடிகிறது என்பார்கள்.
பேச்சிக்கனி மகளைத் திட்டுவதும் அதைச் சொல்லித்தான்.
மூன்றாம் மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கச் சொன்னால்
பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிடுகிறாளாம்.
"கொழுப்பெடுத்த கழுதை."
தர்ஷிகாவுக்கு வயது பதினொன்று.

நரம்பு தேடிக் கையைத் திருப்பியபோது பார்த்தேன்,
முழங்கை முனையில் மஞ்சள் மணிகள்,
பாசிப்பயறு அளவில்.
குதிகாலுக்கு மேலும்.
பாலுண்ணி என்று சுண்ணாம்பு தடவியிருந்தார்கள்.

அன்று சுழலியிலிருந்து எடுத்ததில்
ஒருவருடையது பால்போல் வெளுத்திருந்தது.
முந்தின ராத்திரி கல்யாணப் பிரியாணி;
வெறும் வயிறு என்றது பொய். மறுபடி வரச் சொன்னோம்.
இவளுடையது இளமஞ்சள்,
அடியில் வைத்த எழுத்து தெரிகிற தெளிவு,
ஒன்றும் அறியாததுபோல் நின்றது.
எந்திரம் அறுநூற்றுப் பன்னிரண்டு என்றது.
நம்பாமல் திரும்ப ஓட்டினேன்.
அறுநூற்றுப் பதினைந்து.

கல்லீரலில் இறங்க வேண்டிய கூட்டம்.
அவளுக்கு அந்த நிலையத்தில் வண்டி நிற்பதில்லை.
நிறுத்தும் கை பிறக்கும்போதே இல்லை.
ஃபாஸ்ட் லோக்கல்போல் தாண்டிப் போய்,
சுற்றி வந்து, மறுபடி தாண்டிப் போய்,
சுமையைப் போகிற வழியிலெல்லாம்
சுவரோரம் கொட்டுகிறது,
இதயத்துக்குப் போகும் குறுகலான சந்திலும்.

தளவாய், அவள் அப்பா,
முப்பத்தொரு வயதில் ரே ரோடு கிடங்கில்
மூட்டையோடு சாய்ந்தான்.
குடி என்றார்கள்.
தொட்டதே இல்லை என்று பேச்சிக்கனி சொன்னதை
எவர் காதிலும் ஏற்றவில்லை.
அவளுக்கு அவன் மாமன் மகன்.
சொந்தம் விட்டுப் போய்விடக் கூடாதென்று கட்டிவைத்தது.
விட்டுப் போகவில்லை.

டாக்டர் இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.
"எண்ணெய்ய நிப்பாட்டிரட்டா?"
அது மட்டும் போதாதுக்கா.
மாத்திரை, ஊசி, ஆயுசு பூரா.
இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் இவ்வளவு ஏறும்,
உங்களுக்கும் பார்க்கணும்.
விலையைக் கேட்பாள் என்று நினைத்தேன்.
"அப்ப அந்த வார்த்தைய நான் தெனமும்…" என்று
நிறுத்திக்கொண்டாள்.

இரத்தத்துக்கு நெய்த்தோர் என்றொரு பழைய பெயர்,
எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது.
நெய் அதற்குள்ளேயே இருக்கிறது.
நேயம் என்றால் அன்பு, அகராதியில்
எண்ணெய் என்றும் போட்டிருக்கிறது.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.
சொல்லி என்ன ஆகப்போகிறது.

இன்று விடியலில் கதவைத் தட்டினேன்.
வளையலை மேலே தள்ளிக் கையை நீட்டினாள்.
சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு என்றேன்,
எல்லாரிடமும் கேட்பதுபோல.
"முந்தாநேத்து நீ சொன்னதுலருந்து
ஒண்ணும் உள்ள எறங்கல.
எடுத்துக்க."