பூட்டுச் சங்கிலி

பிசானத்துக்குத் தண்ணீர் திறந்து ஒன்பதாம் நாள்
சேரன்மகாதேவிக்குக் கிழக்கே
தளவாயின் எட்டு மரக்கால் விதைப்பாட்டில்
என் வண்டி அச்சு வரைக்கும் உட்கார்ந்தது.

சக்கரம் சுற்றுகிறது.
வண்டி போகவில்லை.
பட்டைகளுக்கு நடுவே தொழி அப்பி
எண்ணெயில் போட்ட உளுந்தவடை மாதிரி
வழவழவென்று இரண்டு டயரும்.

டிஃபரன்ஷியல் லாக்கை மிதித்தேன்.
ஒன்று மட்டும் சுற்றியது போய்
இரண்டும் சேர்ந்து சுற்றின.
அவ்வளவுதான் முன்னேற்றம்.

வரப்பில் நின்று தளவாய் கேட்டான்:
"யக்கா, மீட்டரு ஓடுதுல்லா?"
"ஓடுது."
"வண்டி?"

டயர் என் தப்புதான்.
ஆலங்குளத்துச் செம்மண்ணில் மூன்று வருஷம்
உழுது தேய்ந்த ஜோடி, பாதி விலை.
வண்ணார்பேட்டைக் கடைக்காரர் அன்றைக்கே சொன்னார்:
"தொழிக்கு உசரப் பட்டை வாங்குங்க.
ரோட்டுல குதிக்கும், சீக்கிரம் தேயும்,
ஆனா சேறு தானாக் கழண்டு விழும்."
நான் சுண்டுவிரலால் அளந்து பார்த்தேன்.
முதல் கணுவைத் தொடவில்லை பட்டை.
போதும் என்றேன்.
மடியில் இருந்த பணத்துக்கு அது போதும்.

கேஜ் வீல் இருந்தது.
சித்திரையில் விற்றுத் தவணை கட்டினேன்.
கட்டுவதற்கு முன்னால்
பாளையங்கோட்டையிலிருந்து பைக்கில் இரண்டு பேர் வந்து
முன்சக்கரத்தையும் புளியமரத்தையும்
மூன்று சுற்றுச் சுற்றிப் பூட்டியிருந்தார்கள்.
நாற்பது அடி. கனத்த சங்கிலி.
பணம் வாங்கிப் பூட்டைத் திறந்தவன்
சங்கிலியைக் கேட்கவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

செல்வமருதுவின் வண்டி வந்து இழுத்துக் கரையேற்றிய ராத்திரி
முக்கூடல் விலக்கில் வெல்டிங் கடை.
"பதினாறு துண்டு. சக்கரத்துக்கு எட்டு."
பக்கத்துக்கு, போர்வெல் மோட்டாரின் பழைய கம்பிக்கயிறு.
பட்டைகளின் மேல் குறுக்காகப் படியவேண்டும்;
நடுப்பள்ளத்தில் விழுந்தால் அலங்காரம்தான்.
காற்றை எட்டு பவுண்டுக்கு இறக்கி மாட்டினோம்,
பிறகு பன்னிரண்டுக்கு ஏற்றினோம்.
டயர் வீங்க வீங்கச் சங்கிலி இறுகி
நறநறவென்றது,
தூக்கத்தில் பல் கடிக்கிறவன் போல.

காலையில் அதே வயல், அதே பள்ளம்.
லோ கியர், இரண்டாவது.
ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை.
பிறகு கீழே எதையோ
கெட்டியாக எதையோ
பிடித்தது.
மூக்கைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறியதில்
பின்னால் ரொட்டவேட்டர் அள்ளி வீசிய தொழி
தளவாயின் வெள்ளை வேட்டியெல்லாம்.

கன்னடியன் காலைத் தாண்டினால் தார்ரோடு.
அதில் சங்கிலியோடு போனால்
ரோடும் போகும் சங்கிலியும் போகும்.
கழற்றிக் கழற்றி மட்கார்டில் போட்டுக்கொண்டிருந்தேன்.
ஒரு பைக் நின்றது.
பாளையங்கோட்டைக்காரன்.
ஐந்தாம் தேதி என்பது அப்போதுதான் உறைத்தது.

தவணையைக் கேட்க வாயெடுத்தவன்
மட்கார்டைப் பார்த்தான்.
ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தான்.
"இது நம்ம..."

"ஆமா. சேறா இருக்கு.
கழுவித் தரட்டா?"