இடப்பக்க உறை

ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில்
புதுச்சேரி பாட்டில் தேடிய ஏட்டு
ஜெயசீலியின் மஞ்சப்பைக்குள் கைவிட்டு
குளுக்கோஸ் பாக்கெட்டுக்கும் விசிலுக்கும் நடுவிலிருந்து
துப்பாக்கியை எடுத்தார்.
பேருந்து மூச்சை அடக்கிக்கொண்டது.

'பி.டி. டீச்சருங்க, பாகூர் ஸ்கூல்.
ஓட்டப்பந்தயத்துக்கு. சத்தம் மட்டுந்தான் வரும்.'
அவர் அதைக் காதருகே கொண்டுபோய்
ஆட்டிப் பார்த்தாராம், தேங்காயை ஆட்டுவதுபோல.

பையில் கிடந்தால் திருட்டுச் சாமான்,
உறையில் இருந்தால் உத்தியோகம்.
நான் தைத்துத் தருகிறேன் என்றேன்.
சிரித்தாள்.
நான் செய்த முதல் பர்ஸில்
சில்லறை தங்கியதே இல்லை.

ராணிப்பேட்டையிலிருந்து கூரியரில் வந்தது
மூன்று மில்லிமீட்டர் மாட்டுத்தோல்,
கடுக்காயில் பதமிட்டது.
விரித்தால் ஒரு மூலையில்
முள்வேலி கீறி ஆறிய தழும்பு.
வெட்டிக் கழிக்க மனம் வரவில்லை.
மடல் விழும் இடத்தில்
வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டேன்.

சிப்காட்டில் எனக்கு இரவு ஷிப்ட்.
பகலில் தூங்க வேண்டியவன்
மாடித் தகரத்தின் கீழே
பழைய காலண்டர் அட்டையில் படிவம் வெட்டினேன்.
தையல் இடைவெளி குறிக்க
சமையலறை முள்கரண்டி.
துளைக்கு, சைக்கிள் கம்பியைத் தீட்டிய குத்தூசி.
ஒரு நூல், இரண்டு ஊசி,
ஒரே துளைக்குள் எதிரும் புதிருமாய்ப் போய்வரும்.
ஒரு பக்கம் அறுந்தாலும்
மறுபக்கம் பிடித்துக்கொள்ளும்.
இல்லறத்தோடு ஒப்பிட வாயெடுத்தேன்,
ஊசி கட்டைவிரலில் ஏறியது,
விட்டுவிட்டேன்.

துப்பாக்கி, பள்ளி பீரோவின் சொத்து.
சனி ஞாயிறு மட்டும் கடன்.
வெந்நீரில் ஊறிய தோலை
பிளாஸ்டிக் சுற்றிய துப்பாக்கிமேல் போர்த்தி
விரல் முட்டியால் அழுத்த அழுத்த
குழலும் விசையும் மேலெழுந்து வந்தன,
ஈரத் துணிக்குள் தூங்கும் பிராணிபோல.

ஆனால் கார்த்திகை.
அப்பளமே காயாத கடலூர்க் காற்று.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு,
வீட்டில் மின்சாரம் இல்லை.
திங்கள் காலை ஆறரை பேருந்துக்கு
அவள் துப்பாக்கியைக் கேட்டாள்.
துணிசோப்பில் அதேபோல் ஒன்று செதுக்கி
உறைக்குள் திணித்துக் காத்திருந்தேன்,
ஒன்பது நாள்.

ஓரம் தேய்த்து, தேன்மெழுகு பூசி
அவள் இடுப்பில் கட்டிய பிறகே தெரிந்தது:
படிவத்தைத் தோலின் உட்பக்கம் வைத்து வரைந்திருக்கிறேன்.
வலது இடதாகிவிட்டது.
அவளோ வலக்கைக்காரி.
'பரவால்ல' என்று
வலக்கையை வயிற்றின் குறுக்கே நீட்டி
உருவிப் பார்த்தாள், இரண்டு முறை,
கண்ணாடியின் முன்.

உப்பளம் மைதானம், நூறு மீட்டர்.
'செட்' என்றதும் மைதானம் அமைதியாக
உறை மட்டும் 'கர்ர்க்' என்றது.
மூன்றாம் தடத்து அங்கயற்கண்ணி
வெடிக்கும் முன்பே பறந்துவிட்டாள்.
திரும்ப நிறுத்தினால்
இம்முறை ஐந்தாம் தடம்.
மூன்றாவது முறை
துப்பாக்கியை முன்பே உருவி
கை கடுக்கத் தூக்கி நின்றாளாம்.

'உன் தோல் பேசுது' என்றாள் வந்ததும்.
மெழுகுவத்தி தேய்த்தால் வாயடைக்கும் என்றேன்.
வேண்டாமாம்.
இப்போது பாகூரில் தினமும் மாலை
பிள்ளைகளை வரிசையில் குந்தவைத்து
வெற்று உறையை இழுத்து இழுத்துக் காட்டுகிறாள்.
அந்தச் சத்தத்துக்கு அசையாமல் இருப்பதுதான்
முதல் பாடம்.

போன வியாழன் அதே சாவடி, அதே ஏட்டு.
கேட்கும் முன்பே எடுத்துக் காட்டியிருக்கிறாள்.
புரட்டிப் பார்த்து,
தழும்பைத் தடவி,
'எடக்கைப் பழக்கமா டீச்சர்?' என்றிருக்கிறார்.

'ஆமாங்க, சின்ன வயசிலேர்ந்து.'