இடது விளக்கு

டெல்பினாவின் காருக்கு இடது கண்
மூன்று முறை திறந்து மூடுகிறது,
பிறகு திறப்பதில்லை.
உவரியிலிருந்து திசையன்விளை வரை
ஒற்றைக் கண்ணோடு வந்திருக்கிறாள்.
எதிரே வந்த மினி பஸ்காரன்
பைக் என்று நினைத்து உரசப் பார்த்தானாம்.

"பல்ப மாத்திருங்க அண்ணாச்சி,
வெள்ளன நாலு மணிக்கு ஏலம்."

மாற்றலாம்.
விலையைச் சொன்னால்
ஒரு கூடை சீலா மீன்
அவள் கண்முன் வந்து போகும்.

இதற்குள் இழை கிடையாது.
நகத்தளவு படிகக் குமிழ், இரண்டு முனை,
நடுவே நான்கு மில்லிமீட்டர் இடைவெளி.
இருபதாயிரம் வோல்ட் அறைந்தால்தான்
செனான் வாய் திறக்கும், நீலமாய்.
அப்புறம் சுவரில் ஒட்டிக் கிடக்கும் உப்பு
இளகி ஆவியாகி
வெள்ளை தரும்.
தாண்டி முடித்தபின் எண்பத்தைந்து வோல்ட் போதும்.
பற்றுவதுதான் பாடு.

விரல் படாமல் துணியால் பிடித்து
இடதை வலதில் போட்டேன், வலதை இடதில்.
வலப்பக்கம் எரிந்தது.
இடப்பக்கம் மூன்று சிமிட்டல், இருட்டு.
பல்பு நிரபராதி.
பலாஸ்ட் பெட்டிகளையும் மாற்றினேன்.
குறை இடத்தை விட்டு அசையவில்லை.

டெல்பினா சிரித்தாள்.
"எங்க ஏலக்கூடத்துலயும் இப்படித்தான்.
எட போடுத ஆள மூணு தடவ மாத்திட்டோம்,
எட மட்டும் குறையத்தான் செய்யுது."

"தராசப் பாத்தியளா?"

பதில் இல்லை.

பேட்டரியில் பன்னிரண்டரை காட்டிய மீட்டர்
சாக்கெட்டில், பற்றும் அந்த நொடியில்,
எட்டுக்கு விழுந்தது.
சக்கர மறைப்பைக் கழற்றி டார்ச் அடித்தேன்.
எர்த் கம்பி பாடியைத் தொடும் போல்ட்டில்
வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தது
உவரிக் காற்று.
குமிழுக்குள் உப்பு, இங்கேயும் உப்பு.
தேய்த்து எடுக்கக் கையில் எடுத்ததும்
உப்புத்தாள்.
அவளிடம் சொல்லவில்லை, நேரமாகிறது.

போல்ட்டை இறுக்கி வாசலின் தடவி
சுவிட்சைத் தட்டினேன்.
எதிர்க்கடை ஷட்டரில் இரண்டு நீலம்,
எண்ண எண்ண வெளுத்து
பூட்டின் துளை வரை தெரிந்தது.

பல்புகளைத் திருப்பி மாற்றவில்லை.
இடதில் வலது, வலதில் இடது,
அப்படியே ஓடட்டும்.

நூற்றைம்பது கேட்டேன், இருநூறு தந்தாள்.
மீதி வாங்காமல் வண்டியை எடுத்தவள்
இருபதடி போய் நிறுத்தி,
கண்ணாடியை இறக்கித் தலை நீட்டினாள்:

"அண்ணாச்சி, தராசு ரிப்பேரு
இங்கன யாரு பாப்பா?"